வெள்ளவத்தைத் தாங்கியில் ஒரு நுரைக்கூடு

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். குளோரீன் அளப்பதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் இப்போது மெஷினே சொல்லிவிடுகிறது. நான் எழுதப்போவது ஒரு தவளையைப் பற்றி. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

நான் வேலை பார்த்தது கொழும்பில், குடிதண்ணீரைப் பரிசோதிக்கிற ஒரு கூடத்தில். விலங்கியல் படித்துவிட்டு, தண்ணீரில் என்ன உயிர் இருக்கிறது என்று பார்க்கிற மேசைக்கு வந்தவள். கூடத்துக்குப் பொறுப்பாக ஒரு இரசாயனப் பகுப்பாய்வாளர் இருந்தார். எல்லாரும் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அறிக்கையில் கையெழுத்து வைக்கிற உரிமை இரண்டு பேருக்குத்தான் இருந்தது. ஒன்று சேர், மற்றது அவருக்கு அடுத்தபடியாக இருந்த சுனில். சேர் யாழ்ப்பாணத் தமிழர். சுனில் குருநாகல் பக்கத்துச் சிங்களவர். எனக்கு அந்த உரிமை இல்லை. கத்துகிற உரிமை மட்டும் இருந்தது, அதை நான் குறைவில்லாமல் பாவித்தேன்.

தவளைக்கு வருகிறேன். கொழும்பில் வளர்ந்தவர்கள் அதைக் குளியலறைச் சுவரில் கண்டு அலறியிருப்பீர்கள். இந்தத் தீவில் மட்டும் வாழ்கிற பெரிய மரத்தவளை அது. பெட்டை உள்ளங்கையை நிறைத்துக்கொண்டு உட்காரும். பால் விட்ட தேநீரின் நிறம், முதுகில் உடுக்கை வடிவத்தில் கருமையாக ஒரு குறி, விரல் நுனிகளில் வட்ட வட்டமாகப் பசைத் தட்டுகள். மற்றத் தவளைகள் போல இது தண்ணீருக்குள் முட்டை இடுவதில்லை. தண்ணீருக்கு நேர் மேலே, ஒரு இலையிலோ சுவரிலோ ஒட்டிக்கொண்டு, பின்னங்கால்களால் அடித்து அடித்து ஒரு வெள்ளை நுரைப் பந்தைச் செய்து, முட்டைகளை அதற்குள் வைத்துவிடும். சில நாள் போனால் நுரை இளகி, குஞ்சுகள் சொட்டுச் சொட்டாகக் கீழே தண்ணீரில் விழும். ஆக அதற்கு வேண்டியது இரண்டுதான்: அசையாத தண்ணீர், அதற்கு மேலே ஒரு மறைப்பு.

வெள்ளவத்தையிலும் கிருலப்பனையிலும் முன்பு வளவுக்கு வளவு கிணறு இருந்தது. வாய்க்கால் ஓரம் சதுப்பும் இருந்தது. கிணறுகளை மூடி பிளாட் கட்டினார்கள். வடக்கிலிருந்து சனம் வர வர இன்னும் கட்டினார்கள். ஒவ்வொரு பிளாட்டின் பின்னாலும் நிலத்தோடு ஒரு சீமெந்துத் தண்ணீர்த் தாங்கி வந்தது. இருட்டு, ஈரம், மேலே ஒரு மரக்கிளை. தவளை கிணற்றை விட்டுத் தாங்கிக்கு வந்தது. இதில் உவமை தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளுங்கள், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அது குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம். ஒழுங்கைக்கு ஒழுங்கை மணல்மூட்டையும் பொலிஸ் காவலரணும். வடக்கிலிருந்து வந்த தமிழர் எங்கே தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். தண்ணீரில் நஞ்சு கலக்கப் போகிறார்கள் என்று ஒரு கதையும் ஊரில் உலாவியது. யார் கிளப்பிய கதையோ தெரியாது. பயந்துபோன ஊரில் கதைக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரம் வேண்டும்?

ஒரு காலை பொலிஸ் ஜீப் ஒன்று எங்கள் வாசலில் நின்றது. இறங்கி வந்த அதிகாரி ஒரு ஜாம் போத்தலை என் மேசையில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நின்றார். கையால் தொடவேண்டாம், வெள்ளவத்தையில் ஒரு தாங்கியில் போட்ட நஞ்சு, பின்னேரம் ஆள் அனுப்புவோம், அறிக்கை வேண்டும் என்று சிங்களத்தில் படபடவென்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூடியைத் திறந்து பார்த்தேன். சவ்வரிசி மாதிரி முட்டைகள், நுரைக்குள் வரிசையாக. சேர் எட்டிப் பார்த்தார், பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“அட, இது எங்கட பாத்ரூம் ஆள்! போன மாதம் எங்கட மனிசி தும்புத்தடியோட கலைச்சுத் திரிஞ்சவ. எழுதி அனுப்பும், தவளைக்கூடு எண்டு. நான் சைன் வைக்கிறன்.”

இதை நன்றாகக் கவனியுங்கள். ஒரு பார்வையில் சேருக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. இரண்டு பேருக்கும் ஒரு துளி சந்தேகம் இல்லை.

அறிக்கையை நான் எழுதத் தொடங்க முதல், காவலாளி வந்து ஒரு அம்மா அழுதுகொண்டு நிற்கிறா என்றான். வெள்ளவத்தையில் லொட்ஜ் நடத்துகிற பெண். எல்லாருக்கும் அவ லொட்ஜ் அன்ரி. போத்தல் எங்கே போனது என்று விசாரித்து, பஸ் மாறி மாறி வந்திருந்தா.

“பிள்ளை, கேதீஸ் எண்டு ஒரு பொடியன் எங்களோட நிக்கிறான். கணக்கு ரியூசன் குடுக்கிறவன், வெளிநாட்டுக்குப் போக விசா பாத்துக்கொண்டு இருக்கிறான். மோட்டர் போட முதல் தாங்கியில தண்ணி எவ்வளவு கிடக்கு எண்டு பாக்கிறது அவன்தான். இண்டைக்கு விடிய மூடியைத் தூக்கிப் பாத்திட்டு, ‘அன்ரி, ஆரோ சவுக்காரத் தண்ணி ஊத்திப்போட்டினம், ஒரே நுரை’ எண்டு எனக்கு வந்து சொன்னவன். அவன் மூடியைத் தூக்கினதைச் சென்றியில நிண்ட பொலிஸ் கண்டிருக்கு. அவங்களும் எங்கட தாங்கியிலதான் தண்ணி அள்ளுறவை. அதில ரெண்டு பேருக்கு நேற்று முழுக்க வயித்தாலை போனதாம். உடன அவனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள், பிள்ளை!”

“அது நஞ்சு இல்லை அன்ரி, தவளை முட்டை” என்றேன். அன்ரி அப்படியே தரையில் இருந்துவிட்டா. “அதை எழுதிக் குடுங்கோ ராசாத்தி, இப்பவே எழுதிக் குடுங்கோ. கடுதாசி வந்தா விடுறம் எண்டு சொல்லியிருக்கினம். வேற இடத்துக்கு மாத்தினாங்கள் எண்டா பிறகு கண்டுபிடிக்கவும் ஏலாது.”

திரும்பிச் சேரைப் பார்த்தேன். சிரிப்புப் போய்விட்டது. அதுவரை அவருக்கு அது தவளை. பிடிபட்டவனின் பெயரைக் கேட்டதும் அது வழக்காகிவிட்டது.

அன்ரியை வெளியே இருத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். “பிள்ளை, கொஞ்சம் பொறும். பிடிச்சு வைச்சிருக்கிறது ஆரை? தமிழனை. போத்தலைப் பாத்தது ஆர்? நீர், தமிழ். சைன் வைக்கிறது ஆர்? நான், தமிழன். பொலிஸ் இதை எப்பிடி எடுக்கும்?”

“தவளை தவளைதானே சேர். அதுக்கு என்ன சாதி, என்ன சமயம்?”

“உமக்கு லேசு. எனக்கு இது ரெண்டாம் தரம்.”

முதல் தரம் நடந்தது எனக்கும் தெரியும். சில வருடம் முன்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழர் கடையின் தண்ணீர் நல்லது என்று சேர் கையெழுத்து வைத்தார். நல்ல தண்ணீர்தான். தன் ஆளுக்கு எழுதிக் கொடுத்தார் என்று யாரோ பெயரில்லாமல் பெட்டிசன் போட, மேலிடம் அவரை மாதக்கணக்கில் விசாரணைக்கு அலைக்கழித்தது. எண்பத்துமூன்று கலவரத்தில் வீடு எரிந்தபோதுகூட அடுத்த கிழமையே வேலைக்கு வந்த மனிதர், அந்த விசாரணைக்குப் பிறகு கூனிப்போனார். அன்றிலிருந்து தமிழ்ப் பெயர் உள்ள கோப்பு வந்தால் சத்தமில்லாமல் சுனிலின் மேசைக்குத் தள்ளிவிடுவார். சுனிலும் ஏன் என்று கேட்காமல் கையெழுத்து வைத்துத் தருவார். எங்கள் கூடத்தில் மட்டுமில்லை, அந்தக் காலத்தில் பல அரச கந்தோர்களில் இது எழுதாத ஒழுங்காக இருந்தது. யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஆனால் சுனில் அன்றைக்கு இல்லை. தகப்பன் இறந்து, பிக்குமாருக்குத் தானம் கொடுக்க ஊருக்குப் போயிருந்தார். வர அடுத்த கிழமை ஆகும்.

“சுனில் வரட்டும்” என்றார் சேர். “அதுக்குள்ள குஞ்சும் பொரிச்சிடும். உயிரோட குஞ்சைக் காட்டி, சுனிலின்ர கையெழுத்தையும் வைச்சுக் குடுத்தா ஒருத்தரும் வாய் திறக்க ஏலாது. அவசரப்பட்டு நான் வைச்சா, தமிழன் தமிழனுக்கு எழுதினான் எண்டு கிழிச்சு எறிவாங்கள். பிறகு அந்தப் பொடியனைக் கடவுளாலயும் காப்பாத்த ஏலாது. நான் அவன்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்.”

நன்மைக்குத்தான் சொன்னார். அதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு இன்றைக்கும் வயிறெரிகிற இடம். அவர் கள்ளமாகப் பேசியிருந்தால் நான் வேறு மாதிரிச் சண்டை பிடித்திருப்பேன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் நியாயம் இருந்தது. கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஊரில் சுனிலின் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் போன் இருக்கிறதே, ஒரு கோல் எடுப்போம் என்றேன். “சாவீட்டில நிக்கிற மனிசனை இதுக்குள்ள இழுக்கிறதோ? என்ன நினைப்பார்?” என்று அதையும் தடுத்துவிட்டார்.

பின்னேரம் பொலிஸிலிருந்து ஆள் வந்தான். சேர் கொடுத்தனுப்பிய தாளில் இருந்தது இவ்வளவுதான்: பரிசோதனை இன்னும் முடியவில்லை, முழு அறிக்கை பின்னர் அனுப்பப்படும். தவளை என்ற சொல் அதில் இல்லை. அன்ரி கேற்றில் நின்று அந்தப் பொலிஸ்காரன் கையில் தாளைக் கண்டு, பொடியனுக்கு விடுதலைதான் என்று நினைத்து அவனைக் கும்பிட்டா. நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கிப்போய் அன்ரியிடம் உண்மையைச் சொல்லாமல் மேசைக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் தாங்கித் தண்ணீர் எடுக்க நானே போனேன். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை. பின் வளவில் தாங்கி, அதற்கு மேலே குடை பிடித்தது போல ஒரு ஈரப்பலா மரம். மூடியைத் தூக்கினால், மூடியின் உட்பக்கத்தில் தவளை அப்படியே ஒட்டிக்கொண்டு இருந்தது, பெரிய பெட்டை. காவலுக்கு நின்ற கொன்ஸ்டபிள் இளம் ஆள், எட்டிப் பார்த்தான். “இந்தா, இதுதான் உங்கள் நஞ்சு போட்ட ஆள்” என்று சிங்களத்தில் சொன்னேன். “கெம்பாவா?” என்றான். தவளையா என்று கேட்கிறான். “எங்கள் ஊரிலும் கிணற்றுக்குள் இப்படி நுரை வைக்குமே!” என்று சிரித்தவன், உடனே காவலரண் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். பிறகு துவக்கின் அடிப்பாகத்தால் மூடியை இரண்டு தரம் இடித்தான். தவளை கீழே விழுந்தது. சப்பாத்தால் ஒரு மிதி. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனுக்குமே தெரிந்திருக்காது.

அங்கிருந்து நேரே அன்ரியையும் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். மணல்மூட்டையைத் தாண்ட விடவில்லை. அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மிஸ், உங்கள் கந்தோர் பரிசோதனை முடியவில்லை என்று எழுதியிருக்கிறதே. நீங்கள் உங்கள் கந்தோரைவிடப் பெரிய ஆளா?” என்று கேட்டார்கள். திரும்பி வந்தோம். பஸ்ஸில் அன்ரி என் கையை விடவே இல்லை.

போத்தலில் வந்த கூட்டை நான் பிறிட்ஜில் வைக்க விடவில்லை. குளிரில் முட்டை செத்துவிடும். கண்ணாடித் தட்டில் தண்ணீர் விட்டு, மேலே ஈர இலையில் கூட்டை வைத்து, வெயில் படாமல் யன்னல் ஓரம் வளர்த்தேன். சேர் ஒவ்வொரு காலையும் வந்ததும், பையைக்கூட வைக்காமல் நேரே அங்கேதான் போவார். குனிந்து பார்ப்பார். “இன்னும் இல்லையோ?” என்பார். அவருடன் முகம் கொடுத்துப் பேசுவதையே நான் நிறுத்தியிருந்தேன். நுரை இளகி முதல் குஞ்சு தண்ணீரில் விழுந்த அன்று, சின்னப் பிள்ளை மாதிரிக் கூப்பிட்டார். “இஞ்ச ஓடிவாரும், ஓடிவாரும், வாலாட்டுறார்!” அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கோபம் போய்விட்டது. தப்பிவிட்டோம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

சுனில் தானம் முடித்து வந்தார், தலை மழித்த மாதிரி வெட்டியிருந்தது. நாங்கள் சொன்னதைக் கேட்டுக் கதிரையில் இருக்காமல் நின்றபடியே நின்றார். குரல் உயர்த்தாத மனிதர், அன்றைக்கு உயர்த்தினார். “சேர், ஒரு கோல் எடுத்திருக்கலாமே! முதல் பஸ்ஸில் வந்திருப்பேனே! இத்தனை வருடம் நீங்கள் தள்ளிவிட்ட கோப்புகளில் எல்லாம் ஒரு வார்த்தை கேட்காமல் வைத்தேன். இதற்கு வைக்கமாட்டேன் என்று நினைத்தீர்களா?” அவர் சிங்களத்தில் கேட்டார், சேர் எழும்பிப் போய்க் கந்தோர் ஜீப்பைக் கூப்பிட்டார்.

மூன்று பேரும் பொலிஸுக்குப் போனோம். நான் குஞ்சுகள் நீந்துகிற போத்தலை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் இருந்தேன். சுனில் இருந்ததால் மணல்மூட்டை வழி விட்டது. பொறுப்பதிகாரி மரியாதையாகத்தான் இருந்தார், கதிரை போடச் சொன்னார். போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், சிரித்தார்.

“சரி, தவளைதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் தானே செய்ததாகச் சொல்லிவிட்டானே. சவுக்காரத்தூளையும் எலிப்பாசாணத்தையும் கலந்து போட்டேன் என்று கையெழுத்தும் வைத்துவிட்டான். நேற்று மேலிடத்துக்கு மாற்றியாயிற்று. இனி என் கையில் இல்லை.”

கேதீசுக்கு ஒரு நஞ்சின் பெயரும் தெரிந்திருக்காது. அடி தாங்காமல், என்ன போட்டாய் என்று கேட்டபோது, அந்த நுரை எது என்று தான் உண்மையாகவே நினைத்தானோ அதையே சொல்லியிருக்கிறான். மிச்சத்தை அவர்கள் சேர்த்திருக்கிறார்கள்.

திரும்பி வந்த உடனே, முதல் நாளே போத்தலிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒதுக்கி வைத்திருந்த நுரையைச் சேர் தன் கையாலேயே பரிசோதித்தார். சவுக்காரம் இல்லை, பாசாணம் இல்லை. மரத்தவளையின் கூடு. அன்றைக்கே அறிக்கை எழுதி, முதல் கையெழுத்தைத் தான் வைத்தார், பிறகு சுனில் வைத்தார். அனுப்பினோம். பதில் வரவில்லை. அந்தக் காலத்துச் சட்டத்தில் பொலிஸில் கொடுத்த வாக்குமூலம் ஒன்றே போதும். கேதீஸ் வருடக்கணக்கில் உள்ளே இருந்தான். அதற்கிடையில் அந்த ஈரப்பலாவையும் காவலரணுக்கு மறைக்கிறது என்று வெட்டிவிட்டார்கள். தாங்கி வெயிலில் கிடந்தது. அதன் பிறகு அந்த வளவில் நான் நுரையைக் காணவில்லை.

சேரைத் திட்டுவதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவரிடம்தான் நான் தொழில் படித்தேன். அவர் பயந்தது இல்லாத பேய்க்கும் இல்லை. ஆனால் நீங்கள் உங்கள் மேசையில் இருந்து தெரிந்த ஒன்றைத் தெரியும் என்று எழுதாமல் தள்ளிப்போடும்போது, அந்த நாட்களை வேறொருவன் எங்கேயோ இருந்து கழிக்கிறான். அவனுக்கு யன்னல் இருக்காது. கண்ணால் கண்டதைக் கண்ட அன்றே எழுதுங்கள். கிழிக்கிறவன் கிழிக்கட்டும், அது அவன் பாவம்.

வழக்கு ஒருபடியாக நீதிமன்றத்துக்கு வந்தது. கேதீசின் சட்டத்தரணி சேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். தமிழன் தமிழனுக்கு எழுதினான் என்று கேட்பார்கள் என்று சேர் இரவிரவாகப் பதில் தயாரித்து வைத்திருந்தார். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. வாக்குமூலத்தில் சவுக்காரத்தூள் இருக்கிறது, நுரையில் இல்லை, ஆகவே வாக்குமூலம் பொய் என்று சட்டத்தரணி காட்டினார். அரச தரப்பு எழும்பவே இல்லை. நீதிபதி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: இது தவளையின் கூடு என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?

சேர் சாட்சிக்கூட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் பதில் சொன்னார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் கைதிக்கூட்டின் பக்கம் திரும்பி, அதைத் தமிழில் சத்தமாகச் சொன்னார்: “கொண்டுவந்த அண்டைக்குக் காலையிலேயே தெரியும் எண்டு சொல்லுறார்.” கேதீஸ் தலையை நிமிர்த்திச் சேரைப் பார்த்தான்.

அன்றைக்கே அவனை விடுவித்தார்கள். வெளிப் படிக்கட்டில் சேர் அவனுக்காக நின்றார். அவன் அன்ரியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான். இடது காது கேட்காது, வலது பக்கத்தைத் திருப்பித்தான் நின்றான். சேர் “தம்பி” என்றார்.

“பரவாயில்லை சேர்” என்றான் கேதீஸ். கோபமாக இல்லை, வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில்தான் பேசினான். “ஒண்டு மட்டும் சொல்லுறன், நீங்கள் தெரிஞ்சிருக்க வேணும். முதல் நாள் எனக்கு ஒருத்தரும் கை வைக்கேல்ல. வாங்கில இருத்தித் தேத்தண்ணி தந்தவங்கள். லாப்பிலயிருந்து கடுதாசி வரும், ஒண்டுமில்லை எண்டா வீட்டை போகலாம் எண்டவங்கள். பின்னேரம் உங்கட கடுதாசி வந்தது. அதை வாசிச்சுப் போட்டுத்தான் என்னை உள்ளுக்கு எழுப்பிக்கொண்டு போனவங்கள்.”

அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். சேர் படியிலேயே இருந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். நீதிமன்றக் கேற்றைப் பூட்டப்போகிறோம் என்று காவலாளி வந்து சொல்லும்வரை இருந்தோம்.